கதைய எங்க விட்ட தாயி?

எனக்குக் கிடைத்த முதல் நூல் பட்டியல், ஏலக்காய்க் கமிஷன் கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுதித் தந்தவர் எங்கள் பள்ளித் தமிழ் ஐயா. 1980களின் நடுப்பகுதி அது. போடிநாயக்கனூரில் அப்போது எந்த வீட்டில் துண்டுக் காகிதம் தேடினாலும், ஏதாவது ஒரு காய்க்கடையின் பெயர் அச்சடித்த தாள்தான் கையில் வரும். நாகம்மாள், பொய்த்தேவு, மோகமுள், ஒரு புளியமரத்தின் கதை, தலைமுறைகள், சாயாவனம், பிறகு, ஜே.ஜே: சில குறிப்புகள் என்று நீல மையில் நெருக்கி எழுதியிருந்தார். மிச்சமிருந்த ஓரத்தில் தகழி, பஷீர், தாராசங்கர், ஹாம்சன் என்று பெயர்கள் மட்டும். எதை முதலில் படிப்பது, எது உயர்ந்தது என்ற விளக்கம் எதுவும் இல்லை. ஒரே நிபந்தனையை வாயால் சொன்னார்: "ஒண்ணு முடிச்சதும் வந்து சொல்லணும். பிடிக்கலேன்னா ஏன் பிடிக்கலேன்னு சொல்லணும்."

அந்தப் பட்டியலின் ஊற்று எது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் விளங்கியது. க.நா. சுப்ரமண்யம் 1950களில் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைகள். கட்டுரைக்கு ஒரு தமிழ்ப் புத்தகம்; அதை ஏன் படிக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற குரல். க.நா.சு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவர். காரணம் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்குகிறார் என்று அவரோடு சண்டை போட்டவர்கள் பலர். ஆனாலும் ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்' இன்றுவரை பேசப்படுவதில் க.நா.சு.வின் விடாப்பிடிக்குப் பெரும் பங்கு உண்டு. கொங்கு நாட்டுக் கிராமத்தைப் பற்றிய அந்தச் சின்ன நாவல், நாற்பது வருடம் கழித்து ஏலமலை அடிவாரத்துப் பள்ளிப் பெண் ஒருத்தியின் கைக்கு வந்து சேர்ந்தது. வழியில் யாரோ சிலர் அதைப் படித்து, அடுத்தவரிடம் சொல்லியிருக்காவிட்டால் வந்திருக்காது.

பட்டியல் வந்துவிட்டது, புத்தகம் வர வேண்டுமே. "பொட்டப்பிள்ள கதப்புத்தகமும் கையுமா இருந்தா வீடு வெளங்குமா?" என்று அப்பத்தா முணுமுணுத்தது. ஐயா வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அங்கே இருக்கிற புத்தகத்தில் உங்கள் மகளுக்கும் பங்கு இருக்கிறது என்றார். பங்கு என்ற பேச்சு அம்மாவுக்குப் பிடித்தது. அண்ணன் பெயரில் அட்டை போட்டோம், படித்தது நான்.

பட்டியலில் உள்ளது எப்போது அலமாரிக்குத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. காத்திருக்கிற நாட்களில் கைக்கு எட்டியதை எடுத்து வருவேன்: லக்ஷ்மி, சிவசங்கரி, ராஜம் கிருஷ்ணன், எதிர்வீட்டு மதினி வாங்கும் ராணிமுத்து, யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிவைத்த தொடர்கதைகள். அந்தக் காத்திருப்பை இன்று நான் பெரிய கொடையாக நினைக்கிறேன். பட்டியலுக்கு வெளியே படித்தவைதான், பட்டியலில் உள்ளது ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று எனக்குக் காட்டின. சொல்லிவைத்த நூல்களை மட்டுமே படிப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.

மதுரைக்கு 90 கிலோமீட்டர். மீட்டர்கேஜ் ரயிலில் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால், திரும்புவதற்குள் மேல வெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணைக்குள் நுழைந்துவிடுவோம். நேஷனல் புக் டிரஸ்ட் மொழிபெயர்ப்புகள் அங்கே எங்கள் கைக்கு அடக்கமான விலையில் இருக்கும். அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி', குர்அதுலைன் ஹைதரின் 'அக்னி நதி', பைரப்பாவின் 'ஒரு குடும்பம் சிதைகிறது'. வங்காளமும் உருதுவும் கன்னடமும் தமிழாகி, பாசஞ்சர் ரயிலில் ஏறித் தேனி தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தன.

ஆனால் என்னை வாசகியாக்கியது பட்டியலோ நூலகமோ ரயிலோ மட்டும் என்று சொல்ல மாட்டேன். காய் பொறுக்கிய பெண்கள் ஆக்கினார்கள்.

மலையில் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டையாகப் போடிக்கு இறங்கும் காயைக் கிட்டங்கிகளில் தரம் பிரிப்பார்கள். சல்லடையில் சலித்தால் பருமன் பிரிந்துவிடும், நிறம் பிரிவதில்லை. வெடிச்ச காய், வெளுத்த காய், பூச்சி விழுந்தது, காம்பு ஒட்டியது எல்லாம் கண்ணாலும் விரலாலும்தான் பொறுக்க வேண்டும். அம்மாவோடு சின்னம்மாக்களும் அக்காமாரும் சொளகை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கைக்கு ஓயாத வேலை, காதுக்கு வேலை இல்லை. பள்ளி விட்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். நான் நிறுத்தினால் அதட்டல் வரும். மறுநாள் போய் நின்றதும் முதல் கேள்வி: "கதைய எங்க விட்ட தாயி?"

நாகம்மாளைத்தான் முதலில் வாசித்தேன். புருஷன் செத்துப் போனவள், கொழுந்தன் கையில் இருக்கும் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். கடைசியில் கொலையில் முடிகிறது. புத்தகம் முடிந்தும் கிட்டங்கியில் கதை முடியவில்லை. "கேட்டது தப்பா? அவ பங்கத்தான கேட்டா" என்று ஒரு பக்கம். "கெட்டியப்பன் பேச்சக் கேட்டுல்ல கெட்டா" என்று இன்னொரு பக்கம். சின்னப்பன் நல்லவன்தான், ஆனால் நல்லவனிடமும் பங்கு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். பிற்பாடு அந்த நாவலைப் பற்றி விமர்சனங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அம்மாவின் அந்த வாக்கியத்தைத் தாண்டிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' வாசித்தபோது சொளகுகள் நின்றுபோயின. ஆடு வீட்டுக்குள் நுழைந்து பஷீர் எழுதிய புத்தகங்களையே தின்னும் இடத்தில் எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த வீட்டு உம்மாவையும் தங்கைகளையும் அறிமுகப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' அப்படிப் போகவில்லை. கொஞ்ச நேரத்திலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "அது தனியா உக்காந்து படிக்கிற புத்தகம். நீ அத உனக்குன்னு வச்சுக்கோ" என்றார். எந்த நூல் பட்டியலும் எனக்கு இதைச் சொன்னதில்லை. கூட்டத்தில் வாசிக்க ஒரு நூல், விளக்கணைக்கும் முன் தனியே வாசிக்க ஒரு நூல் என்று அன்றிலிருந்து இரண்டு வைத்துக்கொள்கிறேன்.

அப்பா தோட்டத்திலேயே தங்கி மூட்டை சுமந்தவர். வாரக் கடைசியில் இறங்கி வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக 'நிலவளம்' வாசித்தேன். நார்வேக்காரர் நட் ஹாம்சன் 1917-ல் எழுதியது, தமிழில் கொண்டுவந்தவர் அதே க.நா.சு. ஈசாக் என்று ஒருவன் யாருமில்லாத காட்டுக்குள் தனியாக நடந்து போய்க் குடிசை போட்டு, ஆடு வளர்த்து, நிலம் திருத்துகிறான். அப்பா இரண்டு ராத்திரி ஒன்றும் சொல்லாமல் கேட்டார். பிறகு கேட்டார்: "பட்டா யாரு குடுத்தா?" நாவலிலும் அந்த இடம் வருகிறது. நிலம் அரசாங்கத்துடையது, விலை கொடுத்து எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு அதிகாரி வந்து சொல்கிறார், வாங்கவும் உதவுகிறார். அதை வாசித்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏலமலையில் காலம் முழுக்க அடுத்தவர் நிலத்துக் காயைச் சுமந்தவருக்கு, நார்வேக் காட்டில் ஒருவனுக்கு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது சொந்த வீட்டுச் சேதியாக இருந்தது. நல்ல புனைவு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்.

வேலை செய்யும் கைகளுக்குக் கதை வாசிப்பது எங்கள் தெருவின் கண்டுபிடிப்பு என்று அப்போது நினைத்திருந்தேன். உலகம் முழுக்க அது நடந்திருக்கிறது. வடகேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடி சுற்றும் கூடங்களில் ஒருவர் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார்; அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் அதற்கென்றே வாசிப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கான கூலியைத் தொழிலாளர்களே சேர்த்துக் கொடுத்தார்கள். அலெக்சாந்தர் துமாவின் நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போக, ஒரு சுருட்டுக்கே மாண்டெ கிறிஸ்டோ என்று பெயர் வந்தது என்பார்கள். என்ன வாசிப்பது என்று கேட்பவர்களே முடிவு செய்த அந்த ஆலைகள்தான் நான் அறிந்த மிகச் சிறந்த வாசகர் வட்டங்கள்.

ஒன்றை மட்டும் இன்றும் நினைத்து வருந்துவேன். எங்கள் ரயில் போய் நிற்கிற அதே மதுரையில், ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் ப. சிங்காரம் என்பவர் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தினத்தந்தியில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்கு ஆசியாவை வைத்து அவர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் வெளிவந்து பெரிதாகப் பேசப்படாமல் கிடந்தது. ஐயாவின் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. 1997-ன் கடைசியில் சிங்காரம் இறந்தார். அதன் பிறகுதான் எழுத்தாளர்கள் தங்கள் பட்டியல்களில் திரும்பத் திரும்ப எழுதி, நாவல் மறுபதிப்புக் கண்டு, இன்று தமிழின் தலைசிறந்த நாவல்கள் என்று யார் எண்ணினாலும் அதுவும் வருகிறது. பட்டியல்களை எவ்வளவு குறை சொன்னாலும், மண்ணில் புதைந்த ஒரு நூலை அவை தோண்டி எடுத்த கதை இது.

இப்போது நிலைமை தலைகீழ். 2010 முடிவோடு நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிக்குத் திரும்பி வந்திருக்கிறது. கூவி எடுத்த ஏலம் கணினிக்கு மாறிவிட்டது. வியாபாரிகள் திரையைப் பார்த்து விரலால் விலை கேட்கிறார்கள். சில கிட்டங்கிகளில் நிறம் பிரிப்பதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. விடியுமுன் முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் மட்டும் மாறவில்லை. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போய், சரத்தில் காய் பறித்துவிட்டு இருட்டும்போது இறங்குகிறார்கள். அவர்களில் பலர் கைப்பேசியில் 'பொன்னியின் செல்வன்' ஒலிவடிவம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். படிப்பு குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். கல்கியின் வாக்கியத்தை ஜீப்பில் கேட்டு வருகிற பெண்ணுக்குக் கதைப்பசி இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள். ஒருநாள் கைப்பேசியை நீட்டிக் காட்டினாள். எஸ். ராமகிருஷ்ணன் தேர்ந்த நூறு சிறுகதைகளின் பட்டியல், ஜெயமோகன் சொன்ன நாவல்களின் பட்டியல், சாவதற்குள் படிக்க வேண்டியவை, ஒரு வருடத்தில் முடிக்க வேண்டியவை. பாதிக்குமேல் நூல்களும் அதே கைப்பேசியில் இருந்தன. "எதுலத்த ஆரம்பிக்க?" என்றாள். முகத்தில் ஆசையைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. எங்களுக்குப் புத்தகம் இல்லை, முடித்ததும் வந்து சொல் என்று கேட்க ஆள் இருந்தார். அவளுக்கு எல்லாப் புத்தகமும் இருக்கிறது. படித்தாயா என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஆகவே நான் அவளுக்குப் புதிய பட்டியல் ஏதும் தரவில்லை. அவள் வைத்திருந்ததிலேயே ஒன்றை எடுக்கச் சொன்னேன்: பூமணியின் 'வெக்கை'. ஒரு கொலையைச் செய்துவிட்டுச் சிறுவன் ஓடுவதில் தொடங்குகிற நாவல். எடுத்தால் வைக்க முடியாது. முடித்ததும் வந்து சொல் என்றேன். சொல்ல வந்தவளோடு விடிய விடியப் பேசினேன். அடுத்து அதே ஆசிரியரின் 'பிறகு'. ஓர் எழுத்தாளரை இரண்டு மூன்று நூல்களாவது தொடர்ந்து படித்தால்தான் அவர் குரல் நமக்குள் இறங்கும். இந்த வருடம் நூறு என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன். எண்ணிக்கை வைத்தால் கை தன்னால் மெல்லிய புத்தகத்துக்குப் போகும். 'ஆரோக்கிய நிகேதனம்' போன்ற பெரிய நாவல் கடைசிவரை காத்துக் கிடக்கும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கைப்பேசி வேறு அறையில். பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்தில் மூடிவிடலாம், தப்பில்லை. எந்த இடத்தில் மூடினாய் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதி வை. சில வருடம் கழித்து அந்த இடத்திலேயே அது திறந்துகொள்ளும், எனக்கு 'ஜே.ஜே' அப்படித்தான் திறந்தது.

அவள் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "இதுல பொம்பளைக எழுதுனது ஏன் இவ்வளவு கம்மி?" ஐயா தந்த பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அதை நான் வருடக்கணக்காக நிரப்பி வருகிறேன்: கிருத்திகாவின் 'வாசவேஸ்வரம்', அம்பையின் சிறுகதைகள், 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு'. பட்டியல் என்பது தந்தவரின் கண்ணுக்குப் பட்டது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாததும் இருக்கும். வாங்கியவர் அதில் சேர்க்க வேண்டும், அடிக்கவும் வேண்டும். எங்கள் மாவட்டத்து எழுத்தாளர்கள் தேனி சீருடையானையும் ம. காமுத்துரையையும் சேர்த்தேன். போடிக்குப் பக்கத்து அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபாலைச் சேர்த்தேன். நிலத்தையும் சம்சாரி வீடுகளையும் அவரளவுக்கு உள்ளிருந்து எழுதியவர்கள் குறைவு. அம்மாபட்டியிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்திருக்கிறார் என்பதே அந்தப் பெண்ணுக்கு வியப்பாக இருந்தது. அம்மாபட்டி அவளுடைய அம்மா பிறந்த ஊர்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் 2018-ல் வந்தபோது எங்கள் தெருவே பார்த்தது. ஏலக்காய் மூட்டை சுமப்பவன் ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்பட்டு, கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரனாகிறான். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தை இப்போது கைப்பேசியில் திரும்பப் பார்த்த அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டாள்: "மதினி, இந்த மாதிரி மலையில வேல செய்யிறவுக கதை புத்தகமா இருக்கா?" ஜீப்பில் போகிறவள் அவள். எந்தப் பட்டியலையும் பார்த்தவளில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து வாசிப்புப் பழக்கம் தொடங்குகிற இடம் அந்தக் கேள்விதான்.

இருக்கிறது என்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை எடுத்தேன். 1930களில் எழுதியது, வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய்ச் சீரழிகிற நெடுங்கதை. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, காசில்லாமல் கிடைக்கும். ஜீப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பெண்தான் வாசித்தாள். மலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் ஞாயிறு பாதியிலேயே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், நெஞ்சு தாங்கவில்லையாம். அடுத்த வாரம் அவர்களே முதலில் வந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் ஒருத்தி சொன்னாள்: "நாம போனமா, பறிச்சமா, பொழுதோட வீடு வந்தமான்னு இருக்கோம். அவ திரும்பணும்னா கடலத் தாண்டணும்." இன்னொருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கும் தூரம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றாள். அது என்ன தூரம் என்று பேச ஆரம்பித்து அடுப்புப் பற்ற வைக்கும் நேரம் தாண்டிவிட்டது.

அடுத்து என்ன என்பதில் இன்னும் இழுபறி. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-ல் வெளியிட்ட நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக இருக்கிறது. அதைத்தான் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். மறுபடியும் அழ முடியாது, முதலில் ஆடு புத்தகம் தின்கிற கதையை வாசியுங்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். வாசிக்கிறவளுக்கு 'வெக்கை'யை இவர்களுக்கும் படித்துக்காட்டிவிட வேண்டும் என்று ஆசை. கேட்கிறவர்கள் விருப்பப்படி பஷீர்தான் முதலில் போகும் போலிருக்கிறது. என்னிடமிருந்த பிரதி இரவல் போய்த் திரும்பவில்லை, அடுத்த முறை மதுரை போகும்போது தேடிப் பார்க்க வேண்டும்.